நுண்சேனலில் குமிழி ஓட்டம்: கண்ணாடியா, பிடிஎம்எஸ்ஸா, அக்ரிலிக்கா, சிலிக்கானா?

"சார், எங்க டிபார்ட்மென்ட்ல பிடிஎம்எஸ் வார்க்கிற வசதி இருக்கு. கைடு கண்ணாடிக் குழாயே போதும்னு சொல்றார். சீனியர் ஒருத்தர் அக்ரிலிக்ல சிஎன்சி போட்டா மலிவுன்னு சொல்றார். எதுல போறது?"

வாயுவும் திரவமும் சேர்ந்து ஓடும் மைக்ரோசேனல் (ஒரு மி.மீ. அல்லது அதற்கும் குறைந்த அகலமுள்ள நுண்வழி) சோதனையைத் தொடங்கும் மாணவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். பிடிஎம்எஸ் என்பது அச்சில் வார்க்கும் ரப்பர் போன்ற சிலிக்கோன், சிஎன்சி என்பது கணினி இயக்கும் செதுக்கும் இயந்திரம். கைவசம் என்ன இருக்கிறது, எது மலிவு, எது சீக்கிரம் முடியும் என்று பார்த்து முடிவெடுக்கிறார்கள். இந்த அளவில் சேனலின் சுவர் வெறும் பாத்திரம் இல்லை, சோதனையின் ஒரு பங்காளி. சுவரை மாற்றினால் ஓட்டமே மாறிவிடும். அதனால் முதலில் கேட்க வேண்டியது விலையை இல்லை. உங்கள் திரவம் அந்தச் சுவரை நனைக்குமா, ஒரு மாதம் கழித்தும் அதேபோல நனைக்குமா என்பதைத்தான்.

சின்ன அளவில் என்ன மாறுகிறது

வாளித் தண்ணீரில் விட்ட குமிழி விர்ரென்று மேலே வந்துவிடும். அதே குமிழியை நுனி மூடிய, செங்குத்தான மெல்லிய குழாயில் அடைத்துவிட்டால் அசையாமல் நிற்கும். பிரெதர்டன் என்ற ஆய்வாளர் 1961-இல் இதற்குக் கணக்கே போட்டுக் காட்டினார். தண்ணீர் நிரம்பிய குழாயின் உள்விட்டம் ஏறத்தாழ 5 மி.மீ.க்குக் கீழே போனால், நீண்ட குமிழி மிதப்பு விசையால் தானாக ஏறாது. பரப்பு இழுவிசை புவியீர்ப்பை வென்றுவிடுகிறது. நாம் பேசும் சேனல்களோ 1 மி.மீ., 200 மைக்ரோமீட்டர் அளவுகள். இங்கே புவியீர்ப்புக்கு வேலையே இல்லை என்று சொல்லிவிடலாம்.

அப்போது குமிழி குழாயை அடைத்தபடி, சுவருக்கும் தனக்கும் இடையே ஒரு மெல்லிய திரவப் படலத்தை விட்டுக்கொண்டு நகர்கிறது. இதுதான் டெய்லர் ஓட்டம், ஆய்வகப் பேச்சில் ஸ்லக் ஓட்டம். படலத்தின் தடிமனைத் தீர்மானிப்பது கேப்பிலரி எண். திரவத்தின் பாகுநிலையை வேகத்தால் பெருக்கிப் பரப்பு இழுவிசையால் வகுத்தால் வருவது. மெதுவான ஓட்டத்தில் படலத் தடிமன் அந்த எண்ணின் மூன்றில் இரண்டு அடுக்குக்கு விகிதமாக இருக்கும் என்பது பிரெதர்டன் விதி. வேகம் கூடும்போது அதற்கு ஒரு திருத்தத்தை ஒசியூவும் கெரேயும் 2000-இல் தந்தார்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். தண்ணீர், வினாடிக்கு 10 செ.மீ. வேகம். கேப்பிலரி எண் சுமார் 0.0014. 1 மி.மீ. விட்டக் குழாயில் படலம் ஏறத்தாழ 8 மைக்ரோமீட்டர். 200 மைக்ரோமீட்டர் குழாயில் வெறும் 1.6 மைக்ரோமீட்டர். இந்த 1.6 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பாதி வாதம் அதைச் சுற்றித்தான்.

எதை வைத்து ஒப்பிடுவது

முதலாவது, நனைதல். தண்ணீர் சுவரை முழுதாக நனைத்தால் படலம் நிலைக்கும். இல்லையென்றால் படலம் கிழிந்து வாயு நேரடியாகச் சுவரைத் தொடும். அப்போது குமிழியின் முன்முனையிலும் பின்முனையிலும் சேர்கோணம் (திரவத்தின் விளிம்பு சுவரோடு சேரும் கோணம்) வேறுவேறாகி, ஒவ்வொரு குமிழியையும் தள்ளத் தனியாக அழுத்தம் தேவைப்படும். 100 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள குழாயில் முன்னேறும் கோணம் 110 பாகை, பின்வாங்கும் கோணம் 80 பாகை என்று வைத்துக்கொண்டால் ஒரு குமிழிக்கே 740 பாஸ்கல் வரை கூடுதலாகிறது. மேலே சொன்ன வேகத்தில் 1 செ.மீ. நீளத் தண்ணீரைத் தள்ளும் பாகுநிலை இழப்பே 800 பாஸ்கல்தான். சேனலில் 10 குமிழிகள் இருந்தால் என்ன ஆகும் என்று நீங்களே பாருங்கள்.

இரண்டாவது, சுவரின் சொரசொரப்பும் குறுக்குவெட்டும். மூன்றாவது, சுவர் விறைப்பானதா, வாயுவை உள்ளே இழுக்குமா என்பது. நான்காவது, கேமராவுக்கு எவ்வளவு தெளிவாகத் தெரியும். ஐந்தாவது, வெப்பம், அழுத்தம், கரைப்பான் ஆகியவற்றை எவ்வளவு தாங்கும். பணமும் நேரமும் இவற்றுக்கெல்லாம் பிறகு.

| | கண்ணாடிக் குழாய் | பிடிஎம்எஸ் | அக்ரிலிக் | சிலிக்கான்–கண்ணாடி |
|---|---|---|---|---|
| தண்ணீர் நனைக்குமா | சுத்தமாக இருந்தால் நன்றாக | இயல்பில் இல்லை. பிளாஸ்மா (மின்னேற்றமுள்ள வாயு) காட்டிய பின் சில காலம் | அரைகுறையாக | ஆக்சைடு படலம் சுத்தமாக இருந்தால் நன்றாக |
| குறுக்குவெட்டு | வட்டம், சதுரம் | செவ்வகம் | செவ்வகம். லேசரில் வெட்டினால் V வடிவம் | செவ்வகம் |
| உள்சுவர் | மிக வழவழப்பு | அச்சைப் பொறுத்தது, பொதுவாக வழவழப்பு | கருவித் தடம் இருக்கும் | பக்கச் சுவரில் நுண்ணலைகள் |
| வாயுக் கசிவு | இல்லை | கணிசம் | மிகக் குறைவு | இல்லை |
| அழுத்தம் | அதிகம். இணைப்பைப் பொறுத்தது | குறைவு | நடுத்தரம் | மிக அதிகம் |
| வடிவமைப்புச் சுதந்திரம் | குறைவு | மிக அதிகம் | அதிகம் | மிக அதிகம் |
| முதல் சோதனைக்கு ஆகும் காலம் | ஓரிரு நாள் | அச்சு இருந்தால் ஓரிரு நாள் | சில நாள் | மாதங்கள் |

கண்ணாடி நுண்புழைக் குழாய்

அடிப்படை ஓட்ட வகைகள், படலத் தடிமன், அழுத்த இழப்பு ஆகியவைதான் உங்கள் தலைப்பு என்றால் வேறு யோசனையே வேண்டாம், இதையே எடுங்கள். நாம் மேற்கோள் காட்டும் பல அடிப்படை அளவீடுகள் இப்படிப்பட்ட குழாய்களில் எடுத்தவை. கவஹாரா குழு 2002-இல் வெளியிட்ட 100 மைக்ரோமீட்டர் ஆய்வு சிலிக்காக் குழாயில் தண்ணீரையும் நைட்ரஜனையும் ஓட்டிச் செய்தது. உங்கள் முடிவை அவர்களோடு ஒப்பிட வேண்டுமானால் குறுக்குவெட்டும் சுவரும் அதேபோல இருப்பது பெரிய வசதி.

அதே 2002-இல் செரிசாவா குழு 20 முதல் 100 மைக்ரோமீட்டர் வரையிலான குழாய்களில் பார்த்த விஷயம் இந்தக் கட்டுரைக்கு முக்கியமானது. ஓட்ட வகை, உள்சுவரின் நிலையைப் பொறுத்து மாறியது. மிகக் கவனமாகச் சுத்தம் செய்த சுவரில்தான் நிலையான வளைய ஓட்டம் (சுவரோரம் திரவம், நடுவில் வாயு) கிடைத்தது. அதாவது கண்ணாடி என்பதாலேயே நனையும் என்று நினைக்கக் கூடாது. சுத்தமான கண்ணாடிதான் நனையும்.

இங்கேதான் மறைமுகச் செலவு வருகிறது. கடையில் வாங்கும் பிளாஸ்டிக் சிரிஞ்சின் பிஸ்டன் வழுக்கிச் செல்ல உள்ளே சிலிக்கோன் எண்ணெய் பூசியிருப்பார்கள். அது தண்ணீரோடு வந்து கண்ணாடிச் சுவரில் படிந்தால் நனைதல் கெட்டது. கண்ணாடி சிரிஞ்சுக்குச் செலவு செய்யுங்கள். குழாயைச் சோப்புக் கரைசல், தூய நீர், கடைசியில் முடிந்தால் பிளாஸ்மா என்ற வரிசையில் கழுவி அன்றே பயன்படுத்துங்கள். வெளியே திறந்து வைத்தால் அறைக்காற்றில் உள்ள கரிம ஆவிகளே சில நாளில் அதை அழுக்காக்கிவிடும்.

இரண்டாவது செலவு, வாயுவும் திரவமும் சேரும் இடம். குழாயில் டி-சந்திப்பை (T வடிவச் சந்திப்பு) செதுக்க முடியாது. தனியாக டீ கனெக்டர் வாங்கித்தான் பொருத்த வேண்டும். அதன் உள்ளே இருக்கும் வீண் இடத்தில் குமிழி தேங்கித் தேங்கி வரும். நீளம் ஒன்றுபோல இருக்காது. துளையின் அளவும் குழாயின் உள்விட்டமும் ஏறத்தாழ ஒத்துப்போகும் கனெக்டரைத் தேடிப் பிடிப்பதில் ஒரு வாரம் போனாலும் அது வீண் வாரம் இல்லை.

மூன்றாவது, வட்டக் குழாயே லென்ஸாக வேலை செய்து குமிழியை உருமாற்றிக் காட்டும். தட்டைச் சுவர் கொண்ட சிறு பெட்டியில் கிளிசரினை ஊற்றி அதில் குழாயை மூழ்கவைத்தால் வெளிப்பக்க வளைவின் தொல்லை போய்விடும். கிளிசரினின் ஒளிவிலகல் எண் 1.47, போரோசிலிகேட் கண்ணாடிக்கும் அதேதான். உள்ளே தண்ணீருக்கும் கண்ணாடிக்கும் இடையிலான வித்தியாசம் மட்டும் மிச்சம் இருக்கும். அதைக் கணக்கில் திருத்த வேண்டும். குமிழி நீளத்துக்கு அது பெரிதாகப் பாதிக்காது, படலத் தடிமனுக்குக் கட்டாயம் பாதிக்கும்.

பிடிஎம்எஸ்

மைக்ரோஃப்ளூயிடிக்ஸ் (நுண்சேனல்களில் திரவ ஓட்டத்தை ஆராயும் துறை) என்றாலே பலருக்கு நினைவுக்கு வருவது இந்த ரப்பர் போன்ற சிலிக்கோன்தான். அடிப்பசையையும் கெட்டியாக்கியையும் 10-க்கு 1 என்று கலந்து, காற்றை வெளியேற்றி, அச்சில் ஊற்றிச் சுட வைத்தால் சேனல் தயார். அச்சு ஒருமுறை செய்துவிட்டால் ஒரே வாரத்தில் பத்து வடிவங்களைப் பார்த்துவிடலாம். டி-சந்திப்பு, ஃப்ளோ ஃபோகஸிங் (இருபக்கத் திரவம் நடுவில் வரும் வாயுவை நெருக்குவது), வளைவுகள், கிளைகள் எல்லாமே கைக்கு எட்டும். இந்தச் சுதந்திரத்துக்கு ஈடு வேறெதிலும் இல்லை.

சந்திப்பில் குமிழி உருவாகும் விதத்தை ஆராய்பவருக்கு இது இயல்பான தேர்வு. மெதுவான ஓட்டத்தில் குமிழி நீளத்தைச் சேனல் அகலத்தால் வகுத்தால் வருவது, 1 கூட்டல் ஒரு மாறிலி பெருக்கல் வாயு–திரவ ஓட்ட விகிதம் என்ற கார்ஸ்டெக்கி குழுவின் 2006-ஆம் ஆண்டுச் சமன்பாட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த வகை ஆய்வுகள் வளர்ந்ததே இந்தப் பொருளில்தான்.

ஆனால் கவனியுங்கள். பிடிஎம்எஸ் மேல் தண்ணீரின் சேர்கோணம் சுமார் 105 முதல் 110 பாகை. தண்ணீர் அதை நனைக்காது. ஆக்சிஜன் பிளாஸ்மா காட்டினால் கோணம் மளமளவென்று இறங்கி நன்றாக நனையும். அப்புறம் மணிக்கணக்கில், நாள்கணக்கில் மெல்ல மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். உள்ளே இருக்கும் சிறு மூலக்கூறுகள் மேற்பரப்புக்கு ஊறி வருவது இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

இதில் நான் மூன்று வாரத் தரவை இழந்திருக்கிறேன். திங்கட்கிழமை எடுத்த அளவும் வெள்ளிக்கிழமை எடுத்த அளவும் ஒத்துப்போகவில்லை. ஓட்ட வீதம் அதேதான், அழுத்தம் மட்டும் ஏறிக்கொண்டே போனது. பம்ப்பைச் சந்தேகப்பட்டேன், சென்சாரை மாற்றினேன், கசிவு தேடினேன். கடைசியில் வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. திங்களன்று குமிழிகளைச் சுற்றி ஒழுங்கான படலம், வெள்ளியன்று குமிழி சுவரில் ஒட்டி ஒட்டி நகர்கிறது. மாறியது சுவர் மட்டும்தான். அதன்பின் சேனலை எப்போதும் தண்ணீர் நிரப்பியே வைத்தேன், ஒவ்வொரு தரவுக்கும் பக்கத்தில் "பிளாஸ்மாவுக்குப் பின் எத்தனை மணி" என்று எழுதினேன். தண்ணீருக்குள் வைத்தால் திரும்பும் வேகம் வெகுவாகக் குறையும்.

இன்னொரு மறைமுகச் செலவு, வாயுக் கசிவு. பிடிஎம்எஸ் வழியாக வாயுக்கள் ஊடுருவும், கார்பன் டை ஆக்சைடு இன்னும் எளிதாக. கார்பன் டை ஆக்சைடு குமிழி தண்ணீரில் எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்று அளக்கப் போகிறீர்களா? குமிழி சுருங்குவதில் எவ்வளவு தண்ணீருக்குப் போனது, எவ்வளவு சுவருக்குப் போனது என்று பிரிக்கவே முடியாமல் திண்டாடுவீர்கள். இப்படி வாயு திரவத்துக்குள் போவதை அளக்கும் நிறைமாற்ற ஆய்வுக்கு இது வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

மூன்றாவது, அது வீங்கும். இதன் மீட்சிக் குணகம் 1 முதல் 3 மெகாபாஸ்கல் வரைதான். 200 மைக்ரோமீட்டர் அகலச் சேனலில் 1 பார் அழுத்தம் கொடுத்தால் கூரை சில மைக்ரோமீட்டர் மேலே எழும்பும். 50 மைக்ரோமீட்டர் உயரச் சேனலில் 5 மைக்ரோமீட்டர் உயர்ந்தாலும் ஓட்டத் தடை கால்வாசி குறைந்துவிடும், ஏனென்றால் தடை உயரத்தின் கன அடுக்கைச் சார்ந்தது. இது சேனல் முழுக்க ஒரே அளவாகவும் இருக்காது. நுழைவாயிலில் அதிகம், வெளிவாயிலில் ஏறத்தாழ இல்லை. அழுத்த இழப்பை அளக்கும் ஆய்வில் இது தலைவலி. ஹெக்ஸேன், டொலுயீன் போன்ற கரைப்பான்கள் பட்டால் பொருளே ஊறிப் பருக்கும், அது தனிக்கதை.

அக்ரிலிக்

பெயர்ப்பலகை செய்யும் கடையிலேயே தகடு கிடைக்கும், லேசர் கட்டிங்கும் அங்கேயே நடக்கும். கல்லூரிப் பட்டறையில் சிஎன்சி இருந்தால் இன்னும் நல்லது. 1 மி.மீ. அளவுச் சேனல்கள், பல இணைச் சேனல்களுக்கு ஓட்டம் பிரியும் விதம், நுழைவுப் பகுதியின் வடிவமைப்பு இவற்றுக்கெல்லாம் அக்ரிலிக் நல்ல, நேர்மையான பொருள். விறைப்பாக இருக்கும், வாயுவை இழுக்காது, தெளிவாகத் தெரியும்.

சிக்கல் 1.6 மைக்ரோமீட்டரில் இருக்கிறது. சாதாரணமாக மில் செய்த (சுழலும் கருவியால் செதுக்கிய) அக்ரிலிக்கின் அடிப்பரப்பில் கருவித் தடம் ஒரு மைக்ரோமீட்டர் அளவில் இருக்கலாம். 1 மி.மீ. சேனலில் 8 மைக்ரோமீட்டர் படலத்துக்கு அது பொறுத்துக்கொள்ளக் கூடியது. 200 மைக்ரோமீட்டர் சேனலில் படலமும் சொரசொரப்பும் ஒரே உயரம்! அந்த நிலையில் வழவழப்பான சுவருக்கு எழுதிய சமன்பாட்டோடு ஒப்பிட்டு "என் முடிவு 30 சதவீதம் விலகுகிறது" என்று எழுதினால் அதற்குப் பொருளே இல்லை. போதாததற்குச் சேர்கோணம் 70 பாகை அளவில் நிற்கிறது. வேகமாக ஓட்டினால் படலம் இருக்கும், மெதுவாக ஓட்டினால் கிழியும். ஒரே சேனலில் இரண்டு விதமான ஓட்டம்.

லேசரில் வெட்டினால் குறுக்குவெட்டு V வடிவமாக வரும், ஓரத்தில் உருகிய பொருள் மேடாக நிற்கும், மூடித் தகடு சரியாக உட்காராது. அப்புறம் ஆல்கஹால் வைத்துத் துடைக்காதீர்கள். மில் செய்ததில் உள்ளே தங்கிய இறுக்கத்தால் மெல்லிய விரிசல்கள் வலைபோலப் பரவும். செய்து முடித்த சேனலை ஐசோபுரொப்பனாலில் கழுவி வீணாக்கியவர்கள் பலர்.

சிலிக்கான்–கண்ணாடி

கொதிநிலை ஓட்டம், அதாவது சேனலுக்குள்ளேயே திரவம் ஆவியாகும் ஆய்வு என்றால் இங்கே வரத்தான் வேண்டும். டக்கர்மனும் பீஸும் 1981-இல் ஸ்டான்ஃபோர்டில் சிலிக்கானில் 50 மைக்ரோமீட்டர் அகல, 300 மைக்ரோமீட்டர் ஆழச் சேனல்களைச் செதுக்கி, வெறும் தண்ணீர் ஓட்டியே ஒரு சதுர செ.மீ.க்கு 790 வாட் வெப்பத்தை அகற்றிக் காட்டினார்கள். சில்லுகளைக் குளிர்விக்கும் இந்தத் துறைக்கே அதுதான் தொடக்கப்புள்ளி. சிலிக்கானின் வெப்பக் கடத்துதிறன் (மீட்டர்-கெல்வினுக்கு வாட் கணக்கில்) 150-க்குப் பக்கம், பிடிஎம்எஸ், அக்ரிலிக் இரண்டும் 0.2-க்குப் பக்கம். இந்த வித்தியாசத்தில் வேறு பொருளில் கொதிநிலை ஆய்வு செய்து சில்லுக் குளிர்விப்பைப் பற்றி முடிவு சொல்ல முடியாது. பத்துக்கணக்கான பார் அழுத்தத்தையும் தாங்கும் என்பதால் உயரழுத்த வாயு வினைகளுக்கும் இதுவே சரி.

செலவு என்ன? க்ளீன்ரூம், அதாவது தூசியில்லாத தயாரிப்பு அறை. மாஸ்க் (வடிவத்தின் அச்சுத் தகடு) வரைதல், ஒளியால் அந்த வடிவத்தைப் பதித்தல், ஆழச் செதுக்கல், 300 பாகை செல்சியஸுக்கு மேல் பல நூறு வோல்ட் கொடுத்துக் கண்ணாடியை ஒட்டுதல். ஒவ்வொன்றுக்கும் வரிசையில் நிற்க வேண்டும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் ஐஐடி பம்பாயும் ஐஎன்யுபி (இந்திய நானோஎலக்ட்ரானிக்ஸ் பயனர் திட்டம்) வழியாக வெளிக் கல்லூரி ஆராய்ச்சியாளர்களுக்குக் க்ளீன்ரூமைத் திறந்துவிடுகின்றன. தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவர்களுக்கு இது உண்மையான வாய்ப்பு, பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஆனால் வடிவமைப்பில் ஒரு தவறு என்றால் அதைத் திருத்தி மறுபடி கையில் வாங்க மாதங்கள் ஆகும். அதனால் டி-சந்திப்பின் கோணம், சேனலின் நீளம் எல்லாவற்றையும் முதலில் பிடிஎம்எஸ்ஸில் ஓட்டிப் பார்த்து உறுதிசெய்துவிட்டு மாஸ்க் வரையுங்கள்.

ஒருபக்கம் ஒளிபுகாது என்பதால் பின்னாலிருந்து வெளிச்சம் அடிக்க முடியாது. பிரதிபலிப்பு ஒளியில் படம் எடுக்கும் நுண்ணோக்கி வேண்டும். முனைகளில் குழாய் இணைக்கும்போது சில்லு உடைவதுதான் அதிகம் நடக்கும். உலோகப் பிடிப்பான் ஒன்றைச் சேர்த்தே திட்டமிடுங்கள்.

பட்டியலில் இல்லாத ஒன்று

உங்கள் திரவம் தண்ணீர் இல்லை, டொலுயீன் போன்ற கரிமக் கரைப்பான் என்றால் எஃப்இபி டியூபைப் (டெஃப்லான் வகைப் பிளாஸ்டிக் குழாய்) பாருங்கள். தண்ணீர் அதை நனைக்காது, பல கரைப்பான்கள் தண்ணீரைவிட நன்றாக நனைக்கும். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, இதற்கு 1.34, அதனால் தண்ணீர்ப் பெட்டியில் மூழ்கவைத்தாலே வெளிப்பக்க வளைவின் தொல்லை போய்விடும். வளைத்துச் சுருட்டி மீட்டர் கணக்கில் நீளம் வைக்கலாம்.

எதை எடுத்தாலும் வரும் செலவு

வாயுவைச் சிரிஞ்ச் பம்ப்பில் வைத்துத் தள்ளாதீர்கள். வாயு அமுங்கும். சேனலில் ஒவ்வொரு குமிழி உருவாகும்போதும் அழுத்தம் ஏறி இறங்க, சிரிஞ்சில் உள்ள 10 மில்லி காற்று சுருங்கி விரிந்து குமிழி நீளங்களைத் தாறுமாறாக்கும். நிலைப்படவே பல நிமிடங்கள் ஆகும். நிலையான அழுத்த வாயுவைச் சேனலைவிடப் பல மடங்கு தடை கொண்ட ஒரு நீண்ட மெல்லிய குழாய் வழியே விட்டால் இந்த ஊசலாட்டம் அடங்கிவிடும். கேமராவும் அப்படித்தான். வினாடிக்கு 10 செ.மீ. வேகக் குமிழியை 240 சட்டக ஃபோன் கேமராவில் எடுத்தால் சட்டகத்துக்குச் சட்டகம் 0.4 மி.மீ. நகர்ந்திருக்கும். 1 மி.மீ. குழாயில் குமிழி நீளம் அளக்க அது போதும். 200 மைக்ரோமீட்டர் சேனலுக்கு வினாடிக்குச் சில ஆயிரம் சட்டகமும் 10 மைக்ரோவினாடி ஒளிநேரமும் வேண்டும்.

யாருக்கு எது

முதல் கேள்விக்கே வருகிறேன். அந்த மாணவரின் தலைப்பு "சிறு குழாய்களில் காற்று–தண்ணீர் ஓட்டத்தின் அழுத்த இழப்பு". கைடு சொன்னதுதான் சரி, கண்ணாடிக் குழாய். அவரே சந்திப்பின் வடிவத்தை மாற்றி மாற்றிக் குமிழி நீளத்தை ஆராய்வதாக இருந்தால் பிடிஎம்எஸ் என்று சொல்லியிருப்பேன், நனைதல் பதிவேட்டோடு. இணைச் சேனல்களில் ஓட்டப் பங்கீடு என்றால், 1 மி.மீ.க்குக் குறையாமல், அக்ரிலிக். கொதிநிலை என்றால் சிலிக்கான். அதற்கு நேரம் இல்லையென்றால் தலைப்பை மாற்றுவது நல்லது, பொருளை மாற்றுவது நல்லதில்லை.

எதைத் தேர்ந்தாலும் பொருளை மொத்தமாக வாங்குமுன் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். ஒரு நீண்ட குமிழியைச் சேனலுக்குள் ஓட்டி, நடுவில் பம்ப்பை நிறுத்துங்கள். குமிழி இருக்கும் இடத்தில் சுவரை நுண்ணோக்கியில் ஐந்து நிமிடம் பாருங்கள். படலம் அப்படியே நின்றால் சரி. ஓட்டைகள் விழுந்து, நீர் சின்னச் சின்னத் துளிகளாக ஒதுங்கினால் உங்கள் சுவர் நனையவில்லை. அதே சேனலில் ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை பாருங்கள்.